முதுகில் ரேடார் சுமக்கும் விமானம்: கிருஷ்ணகிரியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

விமானப்படையில் தரை ரேடார் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு வந்தபின், படைத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் காலையில் மைதானத்திலும் மாலையில் வகுப்பிலும் என்னால் முடிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். 2019இல் பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படை நடத்திய தாக்குதலுக்குப் பிறகு 'நேத்ரா' என்கிற ரேடார் விமானத்தின் பெயர் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள், அவர்களின் அப்பாக்கள், டீக்கடையில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விமானங்களில் நான் வேலை செய்ததில்லை. இங்கே இருப்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த செய்திகளும், ரேடாரோடு வாழ்ந்த அனுபவமும்தான்.

"சார், முதுகுல தட்டு வெச்ச பிளேன்னு சொல்றாங்களே, அது என்ன செய்யும்?"

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் காட்டுக்கு ராத்திரிக் காவல் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரையில் நின்று டார்ச் அடித்தால் வரப்பு வரைக்கும்தான் தெரியும். பரண்மேல் ஏறிவிட்டால் காட்டோரத்தில் யானை தலைகாட்டும்போதே பார்த்துவிடலாம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் குரல் கொடுக்கலாம். யார் எந்தப் பக்கம் பட்டாசு போடுவது, யார் தகரம் தட்டுவது என்றும் மேலிருந்தே சொல்லலாம்.

வான்வழி முன்னெச்சரிக்கை விமானம் அப்படி ஒரு பறக்கும் பரண். ரேடார்தான் அதன் டார்ச். உள்ளே வரிசையாகத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எதிரி விமானத்தைத் தூரத்திலேயே கண்டு, நம் போர் விமானங்களுக்கு "இந்தத் திசை, இந்த உயரம்" என்று வழிசொல்வார்கள். இதில் குண்டு கிடையாது. பார்ப்பதும் சொல்வதும்தான் இதன் வேலை.

"நம்ம மலை மேலயே ஒரு ரேடார் வெச்சா போதாதா?"

சையத் பாஷா மலையைக் காட்டி ஒரு பையன் இதைக் கேட்டான். நல்ல கேள்வி, ஏனென்றால் பூமி உருண்டை என்பதை இங்கேதான் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், ரேடார் அலை அடிவானம் வரை எத்தனை கி.மீ. போகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 25 மீட்டர் கோபுரத்தில் இருக்கும் ரேடாருக்கு அது வெறும் 21 கி.மீ. எதிரி 100 மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வந்தால் அவன் பக்கத்துக்கு இன்னொரு 41 கி.மீ. கூடும். ஆக, 62 கி.மீ. தூரத்துக்குள் வந்தபிறகுதான் அவன் கண்ணில் படுவான். ஜெட் விமானத்துக்கு அது 4 நிமிஷப் பறப்பு.

அதே ரேடாரை 9,000 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால் அடிவானம் மட்டும் 390 கி.மீ. கிருஷ்ணகிரிக்கு நேர் மேலே நின்றால் கிழக்கே சென்னையும், தெற்கே மதுரையும், மேற்கே மங்களூரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். தூத்துக்குடி மட்டும் கொஞ்சம் வெளியே போகும். மலை ரேடாருக்கு இன்னொரு குறையும் உண்டு. அடுத்த மலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது. எல்லையில் தேவைப்படும்போது மலையைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

"நம்மகிட்ட என்னென்ன இருக்கு?"

விமானப்படையிடம் இரண்டு வகை. ஒன்று, ரஷ்யாவின் ஐ.எல்-76 பெரிய விமானத்தில் இஸ்ரேலின் ஃபால்கன் ரேடாரைப் பொருத்தியது. முதலாவது 2009 மே மாதம் வந்தது, மொத்தம் மூன்று. இன்னொன்று நேத்ரா: பிரேசிலின் எம்பிரேயர் 145 விமானத்தில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ செய்த ரேடார். இதை ஒன்றுசேர்த்தது பெங்களூருவில் இருக்கும் 'கேப்ஸ்' என்கிற வான்வழி அமைப்புகள் மையம். ரேடாரை வடிவமைத்தது அதே ஊரின் எல்.ஆர்.டி.இ. ஆய்வகம். ஓசூரைத் தாண்டினால் வந்துவிடுகிற தூரத்தில் நடந்த வேலை இது என்பதை நம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடற்படையிடம் காமோவ் 31 ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. பறக்கும்போது ரேடாரை வயிற்றுக்குக் கீழே விரித்துச் சுழற்றும்.

"தட்டு சுத்தும்னு சொல்றாங்க, நேத்ரா போட்டோல தட்டே இல்லையே அண்ணா?"

சுற்றும் தட்டு பழைய வழி. அமெரிக்காவின் இ-3 விமானத்தில் 30 அடி விட்டம், 6 அடி தடிமன் கொண்ட தட்டு இருக்கிறது. 10 விநாடிக்கு ஒரு சுற்று. ஃபால்கனிலும் தட்டு உண்டு, ஆனால் அது சுற்றாது. உள்ளே மூன்று ஆன்டெனாக்கள் முக்கோணமாக நின்று ஆளுக்கு 120 டிகிரி பார்த்துக்கொள்கின்றன. அலையை மின்னணு முறையிலேயே திருப்புவதால் இரும்பைத் திருப்ப வேண்டியதில்லை.

நேத்ராவின் முதுகில் இருப்பது நீளமான பலகை மாதிரி ஒரு கூடு. இடப்பக்கம் 120, வலப்பக்கம் 120, ஆக 240 டிகிரி. மூக்குக்கு நேராகவும் வாலுக்கு நேராகவும் மறைவு உண்டு. அதனால்தான் எல்லைக்கு இணையாக, ஓட்டப்பந்தய மைதானம் போன்ற நீள்வட்டத்தில் போய்ப் போய்த் திரும்பும்.

"பிளேனும் ரெடி, ரேடாரும் ரெடி. மாட்டிப் பறக்க வேண்டியதுதானே? எதுக்கு வருஷக்கணக்கா டெஸ்ட்?"

இந்தத் தொகுப்பை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். கேட்பவர்கள் தப்பாகக் கேட்பதில்லை. ஆனால் இதற்குப் பதில் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நேத்ராவுக்கு முன்பே இந்தியா இப்படி ஒரு விமானத்தைச் செய்து பார்த்தது. எச்.எஸ்.748 என்கிற ஆவ்ரோ விமானத்தின் முதுகில் சுழலும் தட்டை ஏற்றிப் பறக்கவிட்டார்கள். 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே சோதனைப் பறப்பில் அந்தத் தட்டு கழன்று பிரிந்தது. விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள். அவர்களில் விமானப்படையினரும் இருந்தார்கள், டிஆர்டிஓ விஞ்ஞானிகளும் இருந்தார்கள். அந்தத் திட்டம் அத்தோடு நின்றது.

2004இல் புதிதாக ஒப்புதல் கிடைத்தது. 2008இல் மூன்று எம்பிரேயர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதுகுக் கூடு பொருத்திய விமானம் 2011 டிசம்பரில் பிரேசிலில் பறந்து, 2012 ஆகஸ்டில் பெங்களூரு வந்தது. விமானப்படை கைக்குப் போனது 2017 பிப்ரவரியில். விமானம் இங்கே வந்தபிறகே நாலரை வருஷம். "இவ்வளவு தாமதமா" என்று கேட்கிறவர்களிடம் நான் அரக்கோணத்தைத்தான் சொல்வேன். சோதனை முடியாத விமானத்தை முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட எனக்குத் தெரிந்த எந்த இன்ஜினியருக்கும் மனசு வராது, வரவும் கூடாது.

"அப்படி என்னதான் டெஸ்ட் பண்ணுவாங்க?"

முதலில் ரேடார் வேலை செய்கிறதா என்றே பார்க்கமாட்டார்கள். முதுகில் அவ்வளவு பெரிய பொருளை வைத்தபிறகு விமானம் விமானமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கூட்டைத் தாண்டிப் போகும் காற்று கலங்கிப்போய் வாலில் மோதும். அதைக் கண்ணால் பார்க்க, உடம்பின்மேல் சிறு சிறு நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டிப் பறக்கவிடுவார்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம், துடித்தால் அங்கே சுழல் இருக்கிறது. வேகத்தையும் உயரத்தையும் ஒரே நாளில் ஏற்றமாட்டார்கள். இன்று இத்தனை, நேற்றைய பதிவைப் படித்தபிறகு நாளை இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகத்தான் போவார்கள். இறக்கை, வால் அதிர்வு கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் அப்போதைய பெரிய பயம்.

தரைச் சோதனைகளில் ஒன்றை நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், தரை ரேடாரின் மூடியில். அந்த மூடி தேன்கூடு போன்ற உள்ளடுக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தகடு ஒட்டியது. என் மூத்த வாரன்ட் ஆபீசர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போவார். டிங், டிங், டிங் என்று போய்க்கொண்டிருக்கும் சத்தம் ஓரிடத்தில் "டொப்" என்று விழும். சந்தையில் பானை தட்டி வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த அதே சத்தம். உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார். முழு மூடிக்கும் ஒரு நாள் ஆனது. பறக்கிற மூடியில் இந்த ஒரு "டொப்"பை விட்டுவிடக் கூடாது. முதுகில் இருப்பது கழன்றால் என்ன ஆகும் என்பதை முந்தைய பதிலில் பார்த்தீர்கள்.

அப்புறம் மின்காந்தக் குறுக்கீடு. ரேடார், ரேடியோ, தகவல் இணைப்பு, விமானத்தின் சொந்த வழிகாட்டிக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒன்று இன்னொன்றைக் கெடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் தேறி, இராணுவ விமானங்களுக்குத் தகுதிச் சான்று தரும் செமிலாக் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கட்டம்.

"ரேடார் காட்டுறது சரின்னு யார் சொல்றது?"

இன்னொரு விமானம் சொல்லும். நம் விமானம் ஒன்றையே எதிரி மாதிரிப் பறக்கச் சொல்வார்கள். அதில் ஜி.பி.எஸ். பதிவுக் கருவி இருக்கும். இறங்கியபின் இரண்டு பதிவையும் விநாடிக்கு விநாடி பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ரேடார் எத்தனை கி.மீ.யில் முதலில் பிடித்தது, திரும்பும்போது விட்டதா, இல்லாத புள்ளி ஏதாவது காட்டியதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். கடல் மேல் ஒரு தரம், சமவெளி மேல் ஒரு தரம், மலை மேல் ஒரு தரம். தாழ, உயர, நேராக, குறுக்காக. ஒரே நிலைமையில் பல தடவை செய்தால்தான் "நூற்றுக்கு இத்தனை முறை பிடிக்கிறது" என்று சொல்ல முடியும். ஒரு தடவை பிடித்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

"கீழ ஹைவேல லாரி ஓடுதே, அதெல்லாம் பிளேனுன்னு காட்டிடாதா?"

கிருஷ்ணகிரிக்காரர் கேட்கிற கேள்விதான். நாலு பக்கமும் நெடுஞ்சாலை பிரிகிற ஊர். மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்குத் தரை முழுக்க எதிரொலிதான். அதிலிருந்து விமானத்தைப் பிரிப்பது டாப்ளர் விளைவு. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கூர்மையாகவும், தாண்டிப்போனதும் மந்தமாகவும் கேட்கும் அதே விஷயம். நகராத தரையின் எதிரொலியைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். நகர்கிற லாரி கழியாது. எனவே "இந்த வேகத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடு" என்று ஒரு எல்லை வைப்பார்கள். அதை உயர்த்தினால் லாரி போய்விடும், கூடவே மெதுவாக வரும் எதிரி ஹெலிகாப்டரும் போய்விடும். தாழ்த்தினால் திரை முழுக்க லாரி. அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதைச் சோதனைப் பறப்புகள்தான் கற்றுத்தரும்.

பிரிட்டன் இதில் அடிபட்டது. நிம்ராட் விமானத்தை முன்னெச்சரிக்கை விமானமாக மாற்றும் திட்டத்தை 1977இல் தொடங்கினார்கள். சாலையில் ஓடும் வண்டிகளைக்கூடப் பறக்கும் பொருளாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திணறியது. சுமார் 100 கோடி பவுண்டு செலவான பின் 1986 டிசம்பரில் கைவிட்டு, அமெரிக்க இ-3 விமானங்களை வாங்கினார்கள்.

"புள்ளி தெரிஞ்சிடுச்சு. நம்மாளா, எதிரியான்னு எப்படித் தெரியும்?"

விமானத்திடம் ரேடியோவில் ஒரு ரகசியக் கேள்வி போகும். நம் விமானத்தின் பெட்டி சரியான பதிலைத் தானாகத் திருப்பி அனுப்பும். பதில் வரவில்லை என்றால் எதிரி என்று அர்த்தமில்லை, தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இதை என் வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்வேன்.

1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் அமெரிக்காவின் எஃப்-15 விமானங்கள் தங்கள் நாட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அந்த வான்பரப்பை ஒரு இ-3 கண்காணித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர்கள் அங்கே இருப்பது அதற்குத் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியதும் நமக்குத் தெரியும். அதனால்தான் சோதனை என்றால் கருவியோடு முடிவதில்லை. திரைக்கு முன்னால் இருக்கும் மனிதர், அவர் பேசும் வார்த்தை, அதைக் கேட்கும் பைலட் வரைக்கும் சோதிக்கிறார்கள்.

"திடீர்னு வானத்துல டமார்னு சத்தம் வருதே, அது இந்த பிளேன் டெஸ்டா மாமா?"

இல்லை. ஒலியைவிட வேகமாகப் போகும் விமானத்தால்தான் அந்தச் சத்தம் வரும். நேத்ரா அந்த வேகத்தைத் தொடவே தொடாது. 2020 மே 20 அன்று பெங்களூருவையே அதிரவைத்த சத்தம் விமானப்படைச் சோதனைப் பறப்பில் வந்தது என்று பாதுகாப்பு அமைச்சகமே விளக்கம் சொன்னது. அது ஒலிவேகத்தைத் தாண்டிய விமானம். நம் பக்கம் கல் குவாரி வெடியும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

"பழைய பிளேனை அப்கிரேடுன்னா உள்ள கம்ப்யூட்டரை மாத்துறதுதானே?"

வெளியே பார்த்தால் அப்படித்தான். இ-3 விமானம் 1977இல் பணிக்கு வந்தது. அதன் எழுபதுகளின் கம்ப்யூட்டர்களை மாற்றும் பெரிய மேம்பாடு பயன்பாட்டுக்கு வர 2014 ஆகிவிட்டது. ஏன்? புதுப் பெட்டிக்கு வேறு அளவு மின்சாரம். ஜெனரேட்டர் தாங்க வேண்டும். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும், அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். பெட்டியின் எடை பழையதைவிடக் குறைந்தாலும் சிக்கல்தான், விமானத்தின் எடைச் சமநிலை நகர்ந்துவிடும். முப்பது வருஷ வயரிங்கில் எது எங்கே போகிறது என்பது வரைபடத்தில் ஒன்று இருக்கும், பிரித்துப் பார்த்தால் வேறொன்று இருக்கும். பழைய வீட்டுக்கு ஏ.சி. போடப்போய் மீட்டர் போர்டு வரைக்கும் மாற்றிய அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

"பவரைக் கூட்டினால் தூரம் கூடுமே" என்றும் கேட்கிறார்கள். கூடும். ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் சக்தி பதினாறு மடங்காக வேண்டும். அலை போகும்போதும் சிதறும், திரும்பி வரும்போதும் சிதறும். அதனால் நல்ல மேம்பாடு சக்தியைவிட, கேட்கும் காதையும் கணக்குப்போடும் மூளையையும்தான் கூர்மையாக்குகிறது.

"சின்ன சாஃப்ட்வேர் மாத்துனா மறுபடியும் எல்லாத்தையும் பறந்து பாக்கணுமா?"

எல்லாவற்றையும் பறந்து பார்க்க வேண்டியதில்லை. முன்பு பறந்தபோது பதிவுசெய்த ரேடார் தரவு கையில் இருக்கும். புது மென்பொருளை ஆய்வகத்தில் உட்காரவைத்து, பழைய பதிவை அதற்குள் ஓடவிடுவார்கள். அன்று பிடித்த இலக்கை இன்றும் பிடிக்கிறதா, அன்று சரியாக இருந்தது ஏதாவது இன்று கெட்டுப்போயிற்றா என்று பார்ப்பார்கள். அதில் தேறியதைத்தான் பறக்கவிடுவார்கள். ஆஸ்திரேலியா 2000இல் ஒப்பந்தம் போட்ட வெட்ஜ்டெயில் முன்னெச்சரிக்கை விமானம் 2006இல் வரவேண்டியது, 2009இல்தான் முதலாவது கைக்கு வந்தது. அதன் உடம்பான போயிங் 737 நன்றாகத்தான் பறந்தது. ரேடாரையும் மென்பொருளையும் ஒன்றுசேர்ப்பதில்தான் வருஷங்கள் போயின.

"அப்ப புதுசு வாங்குறது நல்லதா, பழசைத் திருத்துறது நல்லதா?"

உடம்பு நன்றாக இருந்தால் திருத்தலாம் என்பது என் கருத்து. அமெரிக்கக் கடற்படையின் ஹாக்ஐ முன்னெச்சரிக்கை விமானம் 1960இல் முதலில் பறந்தது. 2007இல் பறந்த அதன் புது வடிவத்தை வெளியே பார்த்தால் தம்பி மாதிரியே இருக்கும், உள்ளே எல்லாமே வேறு. ஆனால் இ-3க்கு அடிப்படையான போயிங் 707 இப்போது தயாரிப்பிலேயே இல்லை. உதிரி பாகத்துக்கு அலைகிற கட்டம் வந்தபின் கம்ப்யூட்டரை மட்டும் புதிதாக்கிப் பயனில்லை.

"டார்ச் அடிச்சா நாம இருக்குற இடமும் எதிரிக்குத் தெரியுமே?"

தெரியும். முதல் பதிலில் சொன்ன பரண் உதாரணத்தின் பலவீனமே அதுதான், இந்த விமானத்தின் பலவீனமும் அதுதான். மேலே சொன்ன பதினாறு மடங்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நமக்கு அலை போய்த் திரும்ப வேண்டும், எதிரிக்கு அது ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆகவே நாம் அவனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே நம் ரேடார் ஓசையை அவன் கேட்டுவிடுவான். 2024 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ரஷ்யாவின் ஏ-50 முன்னெச்சரிக்கை விமானங்களை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது.

அதனால் இவை எல்லைக்கு நன்கு உள்ளே தள்ளி நின்றுதான் பறக்கும், போர் விமானங்கள் காவலுக்கு இருக்கும். ரேடாரை அணைத்துவிட்டு எதிரியின் ஓசையை மட்டும் கேட்கும் கருவியும் நேத்ராவில் உண்டு.

"பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. இந்த வேலைக்கு எப்படிப் போறது?"

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தாலே முதல் படி ஏறியாயிற்று. அங்கிருந்து பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு வழியாக டிஆர்டிஓ, அல்லது விமானப்படை அதிகாரிகளை எடுக்கும் ஆஃப்கேட் தேர்வு வழியாக விமானப்படைத் தொழில்நுட்பப் பிரிவு. அதற்குள் போனபின், பெங்களூருவில், விமானங்களைச் சோதிக்கும் நிலையமான ஏ.எஸ்.டி.இ.யில் இருக்கும் விமானப்படைச் சோதனை விமானிகள் பள்ளியில் பறப்புச் சோதனைப் பொறியாளர் பயிற்சி உண்டு. ஓசூர் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறது, பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதையோடு விமானப் பாகத் தொழிற்சாலையும் இருக்கிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களும் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

"சார், அரக்கோணத்துல அந்த எட்டுப் பேரும் எதுக்கு உள்ள இருந்தாங்க? ஆளைக் குறைச்சுப் பறந்திருக்கலாமே?"

மேலே சொன்ன பெண்ணே பிறகு வந்து கேட்டது. வகுப்பில் யாரும் இதற்கு முன் கேட்டதில்லை. ரேடாரைச் சோதிக்க வேண்டுமானால் ரேடாரை இயக்குகிறவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். தாங்கள் செய்த கருவி மேலே எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தாங்களே பார்க்க அந்த விஞ்ஞானிகள் ஏறினார்கள்.

வடிவத்தையும் அதிர்வையும் மட்டும் பார்க்கிற பறப்புகளில் எத்தனை பேர் கட்டாயம் தேவையோ அத்தனை பேர்தான் ஏறுவார்கள். விமானத்தின் உடம்பு முழுக்க ஒட்டியிருக்கும் உணரிகளின் அளவுகள் ரேடியோ வழியாக அந்த விநாடியே தரைக்கு வரும். அங்கே ஒரு அறையில், வால் அதிர்வுக்கு ஒருவர், கூட்டின் தாங்கிகளுக்கு ஒருவர் என்று பொறியாளர்கள் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கோடு குறித்த எல்லையைத் தொட்டால், ஏன் என்று ஆராய்வதற்கு முன்பே பைலட்டுக்கு "வேகத்தைக் குறை, திரும்பி வா" என்று சொல்லிவிடுவார்கள். அன்றைய பறப்பு அத்தோடு முடிந்தது.